வலிக்கிற முகம் எது

என் முகத்துக்கு நாலு விரல் உயரத்தில் என் மகளின் முகம் நிற்கிறது, மூக்கும் மூக்கும் உரசாத குறை, அவள் விடும் மூச்சு என் மேலுதட்டில் வந்து விழுகிறது, அதில் பொரிகடலை வாசம், அவள் என் கண்களைப் பார்ப்பதில்லை, பிறந்ததிலிருந்தே கண்களோடு அவளுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது, வாயைத்தான் பார்க்கிறாள், வாயின் இடது ஓரத்தை, பிறகு வலது ஓரத்தை, மறுபடி இடதை, மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்து நிற்கும் உப்பளக்காரர்களுக்கு இருக்குமே, அப்படி ஒரு கவனம், நான் கூடத்துத் தரையில் பாயில் மல்லாந்து கிடக்கிறேன், ஜன்னல் வழியாக வந்த வெயில் என் கால்மாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது, அது முழங்கால் வரை வந்தால்தான் என்னால் எழுந்திருக்க முடியும், காலையில் என் உடம்பு எனக்கு உடனே கிடைப்பதில்லை, யாரோ இரவல் வாங்கிப் போனதுபோல ஒவ்வொரு மூட்டாகத்தான் திரும்பி வரும், முதலில் தோள், பிறகு மணிக்கட்டு, விரல்கள் கடைசியில், அதுவரை நான் இப்படியே கிடப்பேன், அவள் இப்படியே குனிந்திருப்பாள், அவளுக்கு நான்கு வயதாக இருந்த காலை, ஏழு வயதாக இருந்த காலை, ஒன்பது வயதான இன்றைய காலை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன, இது எந்தக் காலை என்று சில நேரம் எனக்கே பிடிபடுவதில்லை, ஆனால் இன்றைக்கு அப்படிக் குழம்ப வழியில்லை, இன்று மத்தியான பஸ்ஸில் அவளை மதுரைப் பக்கம் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும், துறைமுகத்துக்குப் போன அவள் அப்பா இப்போது வந்துவிடுவார், கிளம்ப வேண்டியதுதான் பாக்கி, நான் இன்னும் சிரிக்கவில்லை, அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

உலகம்மை என்று பேர் வைத்தது அவள் அப்பாதான், பாபநாசத்து அம்மன் பேர், கூப்பிடுவது உலகு, கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், ஆனால் அடுத்த அறையில் நான் கொத்துமல்லிக் கட்டை அவிழ்த்தால் தெரிந்துகொள்வாள், மூன்று வயதில் அவளுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள், அதே வருடம் எனக்கு முடக்குவாதம் என்றார்கள், இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நேரத்தில் வந்து இறங்கிய விருந்தாளிகள், இன்று போவார்கள் நாளை போவார்கள் என்று பார்த்தேன், பிறகு இவர்கள் போகிற ஆட்கள் இல்லை என்று தெரிந்து இரண்டு பேருக்கும் பாய் விரித்துவிட்டேன், பாளையங்கோட்டையில் கிரேஸ்லின் டீச்சரிடம் வாராவாரம் பஸ் ஏறிப் பயிற்சிக்குப் போவோம், டீச்சர் தங்கமான மனுஷி, முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாருங்கம்மா, மத்த பிள்ளையள் ஊரப் பாத்துப் படிக்கும், இந்தப் பிள்ளைக்கு ஒங்க மொகந்தான் புஸ்தகம், நீங்க மொகத்தச் சுளிச்சா அது பயந்து உள்ளுக்குள்ள போயிரும், என்ன நோவு இருந்தாலும் அவ முன்னாடி சிரிச்ச மொகமா இருங்க என்றார், சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன், என் பிறவியிலேயே இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டார் என்பது பாவம் டீச்சருக்குத் தெரியாது.

நான் சிரிக்கிற ஆள் இல்லை, சந்தோஷம் வந்தால் எனக்கு முகம் தளர்ந்துபோகும், வாய் லேசாகத் திறந்துகொள்ளும், கண் சொருகும், அவ்வளவுதான், என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்கள் இது யார் வீட்டுச் சாவுக்குத் துட்டி கேட்கப் போனபோது எடுத்தது என்று இன்றைக்கும் கேலி செய்வார்கள், அப்படிப்பட்டவள் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று சிரிக்கப் பழகினேன், வலிக்கும்போது சிரிக்க வேண்டும், அதுதானே பாடம், தோசைக்கல்லைத் தூக்குவேன், மணிக்கட்டில் சுரீர் என்று ஏறும், உடனே வாயின் இரண்டு ஓரங்களையும் மேலே இழுப்பேன், ஆரம்பத்தில் தொண்டையில் மீன்முள் சிக்கியவள் முகம்தான் கண்ணாடியில் தெரிந்தது, பழகப் பழக நன்றாக வந்துவிட்டது, அப்புறம் நான் ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை, எந்த மூட்டு எங்கே இழுத்தாலும் வாய் தானாகச் சிரித்தது, குடத்தை இறக்கினால் சிரிப்பு, படியேறினால் சிரிப்பு, அவளுக்குச் சடை பின்ன விரலை மடக்கினால் முகம் கொள்ளாத சிரிப்பு, எதிர்வீட்டுக் கனியக்கா பார்த்துவிட்டு, இந்தா இவ என்னமா சிரிச்சிக்கிட்டே பிள்ள வளக்கா, எனக்கெல்லாம் இந்தப் பொறும வராதும்மா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, வலியை ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன், வலி ஒன்றும் தோற்கவில்லை, அது பாட்டுக்கு இருந்தது, நான்தான் அதற்குப் பொட்டு வைத்துப் பூ வைத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கல்லுப்பை வாணலியில் வறுத்து வெள்ளைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொள்வேன், தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம், அந்த முடிச்சு எப்போதும் அடுக்களை மேடையில் கிடக்கும், உலகுவுக்கு அதன்மேல் ஒரு கோட்டி, ஒரு பித்து, எந்நேரமும் இல்லை, திடீர் திடீரென்று எங்கிருந்தோ ஓடி அதை எடுத்து வருவாள், வறுக்காத சில்லென்ற உப்பு, என் தோளிலோ இடுப்பிலோ வைத்து இரண்டு உள்ளங்கைகளாலும் அமுக்குவாள், அமுக்குவது என்றால் சும்மா இல்லை, பாதங்களைத் தரையில் ஊன்றித் தன் முழு பாரத்தையும் என்மேல் சாய்ப்பாள், என் உடம்பில் யாராவது விரல் வைத்தாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும், ஆனால் இவளுடைய பாரம் வேறு மாதிரி, அது வலிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வலிக்கு மூச்சு முட்டும், கொஞ்ச நேரத்தில் எனக்கு முகம் தளரும், வாய் திறக்கும், கண் சொருகும், அப்படியே தூங்கிப்போவேன், விழித்துப் பார்த்தால் அவள் அதே இடத்தில் அதே மாதிரி சாய்ந்திருப்பாள், கைகள் நடுங்கிக்கொண்டிருக்கும், டீச்சரிடம் கேட்டேன், சில பிள்ளையளுக்குப் பாரமா எதையாவது அமுக்குறது பிடிக்கும்மா, அது அதோட தேவ, விட்டுருங்க என்றார், சரி, அவளுடைய தேவை என்று விட்டுவிட்டேன், எனக்கும் சுகமாகத்தானே இருக்கிறது, இரண்டு பேருக்கும் லாபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் வளர வளர ஊரையே அமுக்க ஆரம்பித்தாள், தள்ளுகிறாள் என்று ஊர் சொன்னது, கனியக்கா ஆசையாகப் பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, வாட்டி என் செல்லம் என்று குனிவாள், இவள் அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துச் சாய்வாள், கனியக்கா சுவரில் போய் இடித்துக்கொண்டு, என்ன பிள்ள இது, மாடு முட்டுத மாதிரி முட்டுதா என்பாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், இடைவேளையில் பிள்ளைகள் ஒன்றையொன்று துரத்திச் சிரித்துக்கொண்டு ஓடும், இவள் நடுவில் புகுந்து ஒவ்வொருவராகப் பிடித்துப் பிடித்துத் தள்ளுவாள், ஒரு பையன் விழுந்து உதடு கிழிந்துவிட்டது, கூட்டிக்கொண்டு போங்கம்மா என்று சொல்லிவிட்டார்கள், இன்னொரு பள்ளிக்கூடம், அங்கேயும் அதே கதை, என் சின்ன நாத்தனார் மகள் கல்யாணத்தில் மணப்பெண் மேடையில் நின்றுகொண்டு ஃபோட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தாள், வருகிற ஆளுக்கெல்லாம் ஒரு சிரிப்பு, கீழே உட்கார்ந்திருந்த உலகு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இருப்புக் கொள்ளாமல் ஆடினாள், காதைப் பொத்தினாள், பிறகு என் கையை உதறிவிட்டு மேடையேறி ஓடிப்போய்ப் பெண்ணின் நெஞ்சில் கை வைத்து ஒரே சாய்ப்பு, மாலை நசுங்கி, நாற்காலி சரிந்து, வீடியோ எடுக்கிறவர் கத்தி, மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி பார்த்து, நாங்கள் பந்தியில் உட்காராமலே வந்துவிட்டோம், காரில் வரும்போது அவள் ஜன்னலோரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள், வேலையைப் பாதியில் விட்டு வந்தவள் முகம் அது, அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

அவள் அப்பா டிரெய்லர் லாரி ஓட்டுகிறார், பெரிய பெரிய சரக்குப் பெட்டிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் இறக்குகிற வேலை, வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான், மனுஷன் நல்லவர், வாய் அதிகம் கிடையாது, வீட்டுக்கு வரும்போது மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு சிரிப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே வருவார், பிள்ளைக்கு ஏதாவது தின்பண்டம் கையில் இருக்கும், அவள் தின்பண்டத்தைப் பார்க்க மாட்டாள், ஓடிவந்து அவர் காலில் கையை வைத்துத் தள்ளுவாள், வாசலிலேயே, அவர் படியில் பின்வாங்கிச் சமாளித்து நிற்பார், ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டலத்தை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் பேசாமல் குளிக்கப் போய்விடுவார், போன மாதம் மத்தியானச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஏ பிள்ள, மதுர பக்கத்துல ஒரு எடம் இருக்காம், நம்ம முதலாளிக்குத் தெரிஞ்சவுக நடத்துதாவ, நல்லாப் பாத்துக்கிடுவாவளாம், நான் சோற்றுக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன், எதுக்குங்க என்றேன், எதுக்கா, ஒனக்குக் கை மடங்கல, அவ ஒன்ன விட வளத்தியாப் போறா, நாளக்கி நீ விழுந்து கெடந்தா ஒன்னத் தாண்டிப் போயி கொழாயத் தொறந்து தண்ணியில வெளையாடிக்கிட்டு இருப்பா, ஒனக்கு நோவுதுன்னு கூடத் தெரியாத பிள்ளைட்டி அது என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னயத்தான் வாசல்லயே தள்ளுதாளே, நான் வாரதே அவளுக்குப் பிடிக்கல என்றார், எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஏனென்றால் அந்தப் பயம் எனக்கும் இருந்தது, பெற்றவளுக்கு உடம்பு நோகிறது என்று இவளுக்கு என்றாவது தெரியுமா, நான் யார் என்று இவளுக்குத் தெரியுமா, உப்பு முடிச்சு வைக்க ஒரு மெத்தென்ற இடம் என்பதைத் தவிர நான் இவளுக்கு வேறு ஏதாவதா, இதை நான் யாரிடமும் கேட்டதில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அந்த இடத்துக்குப் போனோம், குறை சொல்ல முடியாது, வேப்பமரங்கள், கழுவிவிட்ட தரை, பிள்ளைகள் அழுக்கில்லாமல் இருந்தார்கள், நளாயினி மேடம் என்று ஒருவர், அவர்தான் பொறுப்பு, எங்களை உட்கார வைத்து உலகுவோடு கொஞ்சம் பழகிப் பார்க்க வேண்டும் என்றார், மேஜைமேல் அட்டைகளைப் பரப்பினார், ஒவ்வொன்றிலும் ஒரே சிறுமியின் முகம், சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபமான முகம், சுளித்த முகம், தூங்குகிற முகம், பாப்பா இங்க பாரு, கோபமா இருக்கிற முகம் எது, தொட்டுக் காட்டு என்றார், உலகு யோசிக்கவே இல்லை, சரியான அட்டையில் விரலை வைத்தாள், அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் ஒளிவு மறைவு இல்லாமல் நடத்தியிருக்கிறேன், மேடம் தட்டிக்கொடுக்கப் போய், தொட்டால் மிரளுவாளோ என்று கையை இழுத்துக்கொண்டார், சரி, வலிக்கிற முகம் எது, உலகு அட்டைகளைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள், என் வாயை, மறுபடி அட்டைகளை, சிரிக்கிற முகத்தில் விரலை வைத்தாள், இல்லம்மா, நல்லாப் பாரு, ஊ வலிக்குதே, அந்த முகம் எது, உலகு அதே அட்டையில் இன்னும் அழுத்தி வைத்தாள், நகம் வெளுக்கிற அளவுக்கு, மேடம் அட்டைகளைக் கலைத்து இடம் மாற்றிப் போட்டார், விரல் சிரிப்பைத் தேடிப் போனது, சந்தோஷமான முகம் எது என்று கேட்டார், அவள் தூங்குகிற முகத்தைத் தொட்டாள், பக்கத்தில் அவள் அப்பா மெதுவாக, பாத்தியா, ஒண்ணும் தெரியல பிள்ளைக்கி என்றார், மேடம் நல்லவர், பரவால்ல சார், போகப் போகச் சொல்லிக் குடுத்துரலாம் என்று உலகுவைப் பார்த்து அன்பாகச் சிரித்தார், உலகு நாற்காலியை விட்டு எழுந்தாள், மேஜையைச் சுற்றிப் போனாள், இரண்டு உள்ளங்கைகளையும் மேடத்தின் தோளில் வைத்துச் சாய்ந்தாள், தள்ளாத, தள்ளாதட்டி என்று இவர் பாய்ந்து எழுந்தார், நான் எழுந்திருக்கவில்லை, என்னால் முடியவில்லை, நெடுநேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்ததில் இடுப்பு இறுகி ஒரு பக்கமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது, அப்போதுதான் ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவ தள்ளலங்க, அவ தள்ளவே இல்லங்க என்று என்னென்னவோ சொன்னேன், டீச்சர் சொன்னது, கண்ணாடி முன்னால் பழகியது, உப்பு முடிச்சு, எல்லாவற்றையும் கொட்டினேன், நான் சிரிச்சாலே நோவுதுன்னு அர்த்தம் மேடம், நான்தான் அப்படிப் படிச்சிக் குடுத்துருக்கேன், அவ கரெக்டாத்தான் படிச்சிருக்கா, மேடம் தன் தோளில் இருந்த சின்னக் கைகளை விலக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார், ஆச்சரியமா இருக்கும்மா, ஆனா ஊர்ல எல்லாரும் பேசுற பாஷைய அவ கத்துக்கணுமில்ல, எடம் இருக்கு, திங்கக்கெழம கொண்டாந்து விடுங்க என்றார், திரும்பி வரும் பஸ்ஸில் அவள் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், வெளியே எட்டயபுரத்துக் கரிசல் ஓடுகிறது, எனக்கு அழுகையும் பிரமிப்பும் ஒன்றாக வருகிறது, என் மகளுக்குத் தெரியும், எல்லாம் தெரியும், நான் வெளியே சொல்லாமல் விழுங்கிய ஒவ்வொரு வலியும் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, நான் மறைத்த இடத்திலேயே அவள் கண்டுபிடித்திருக்கிறாள், அடுத்தது தோன்றியது, அப்படியானால் கனியக்கா, அப்படியானால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மேடையில் நின்ற மணப்பெண், இவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளையைப் பார்த்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள், காய்கறிக்காரர், கண்டக்டர், டாக்டர், கோயிலில் திருநீறு கொடுக்கிறவர், அத்தனை பேரும் வலியில் துடிப்பதாக இவள் பார்த்திருக்கிறாள், விளையாட்டு மைதானம் முழுக்கப் பிள்ளைகள் வலியில் ஓடுகிறார்கள், யாரும் யாரையும் கவனிக்கவில்லை, கல்யாண மண்டபத்தில் ஒரு பெண் மாலையும் கழுத்துமாக நின்று வதைபடுகிறாள், கூடியிருக்கிறவர்கள் சாப்பிடுகிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், இந்தப் பிள்ளை காதைப் பொத்தாமல் என்ன செய்யும், பொத்திக்கொண்டும் அவள் ஒளியவில்லையே, எழுந்து போனாளே, நோவு பிடித்த ஊரில் ஒற்றை ஆளாக, ஒரு நன்றி வாங்காமல், வாங்கியதெல்லாம் திட்டு, ஒவ்வொருவராக ஒத்தடம் கொடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறாளே என் மகள், கும்பிட வேண்டும்போல இருந்தது, சொந்தப் பிள்ளையைக் கும்பிடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, மனதுக்குள் கும்பிட்டேன், இவரிடம் மெல்லச் சொன்னேன், கேட்டுக்கொண்டார், நீ ஒனக்குத் தோதா ஒரு கதயக் கட்டுத என்றார், பிறகு, சரி, நீ சொல்லுதபடியே இருக்கட்டும், என்னய எதுக்குத் தள்ளுதா, நான் என்ன நோயாளியா என்றார், அந்த ஒரு கேள்வியில் நான் தோற்றேன், வீடு வந்து அவள் துணிகளைப் பையில் அடுக்கினேன்.

ஆக இன்று திங்கட்கிழமை, வெயில் முழங்காலைத் தொட்டுவிட்டது, அவள் துணிகள் அடைத்த பை கதவோரம் நிற்கிறது, என் முகத்துக்கு மேலே அவள் முகம், நான் முடிவு செய்துவிட்டேன், ஒரு தடவையாவது என் சொந்த முகத்தை என் மகளுக்குக் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும், விரல்களை மடக்கினேன், வலி கிளம்பியது, வாய் பழக்கத்தில் மேலே போகப் பார்த்தது, விடவில்லை, நெற்றி சுருங்கட்டும், பல் கடிபடட்டும், ஆ என்று சத்தமாகவே கத்தினேன், இத்தனை வருடத்தில் முதல் தடவை, வலிக்கிட்டி, அம்மைக்கு வலிக்கி என்றேன், உலகு பின்னால் போகவில்லை, பயந்து எங்கேயும் ஒளியவில்லை, ஒன்றும் புரியாமல் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், இந்தப் பக்கங்களை எல்லாம் அவள் இதுவரை வாசித்ததே இல்லை, பிறகு தன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் என் வாயின் ஓரங்களில் வைத்தாள், மெதுவாக, மிக மெதுவாக, அவற்றை மேலே தூக்கினாள், சிரிப்பு வரும் வரை தூக்கினாள், தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், தப்பாகச் சொன்ன சொல்லை டீச்சர் திருத்துகிற மாதிரி, ஆமா, அதுதான், நம் வீட்டில் அதற்கு அதுதான் சொல் என்று நான் அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து சொன்னேன், கண்ணீர் காதுக்குள் வழிந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை, அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, என் தோளில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்தாள்.

அப்போது கதவு திறந்தது, அவர்தான், செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்தச் சிரிப்பைப் போட்டுக்கொண்டு வந்தார், என்னம்மா உலகு, கெளம்புவமா என்றார், அவள் தலை திரும்பியது, அவர் வாயைப் பார்த்தாள், என்னை விட்டுவிட்டு எழுந்து போனாள், படியில் நின்றவரின் இடது முட்டியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, பாதங்களை ஊன்றி, தலையைக் குனிந்து, முழு பாரத்தையும் சாய்த்தாள், தள்ளாதட்டி என்று அவர் தொடங்கினார், முடிக்கவில்லை, நான் தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது, இறக்கிவைக்க இடம் தெரியாமல் நின்றது, பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் படியில் உட்கார்ந்தார், இடது காலை நீட்டினார், கிளச்சு மிதிக்கிற கால், அதை அவர் எப்படி இறக்கினார், எத்தனை பக்குவமாக இறக்கினார் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன், இந்த வீட்டில் வலியைப் பற்றி எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று இருந்தேனே, ஆமாட்டி என்றார், வலிக்கி, ரொம்ப நாளா வலிக்கி, ஒங்க அம்ம படுத பாட்டுல நான் வேற எதுக்குன்னு யார்ட்டயும் சொல்லலட்டி, ஒனக்கு எப்ப இருந்து தெரியும் என்று கேட்டார், வாசலில் அவள் அவரைத் தள்ளிய அத்தனை நாட்களும் அவர் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும், தோள்கள் குலுங்கின, அவள் பிடித்த முட்டியை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டு அழுதார், என்னங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சே என்றேன் நான், வேண்டுமென்றேதான் சொன்னேன், பஸ்ஸு போவட்டும் பிள்ள என்றார், உலகு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை, பாரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.